அக்காவுக்கு இருந்து எனக்கு இல்லாமல் போன பெயர்

அக்காவின் ஓராண்டு நிறைவு வழிபாட்டுக்கு ஆனைக்கரை வரை வந்து, இந்த மலரைக் கையில் வாங்கி, முதல் பக்கத்துப் படத்தைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கத்துக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எழுதுகிறவன் அக்காவின் ஒரே தம்பி. முப்பது ஆண்டு தமிழ் ஆசிரியராக இருந்தவன். ஊரில் யார் வீட்டு நினைவு மலர் என்றாலும் பிழை திருத்த என்னிடம்தான் வரும். என் வீட்டு மலருக்கு எழுத உட்கார்ந்தபோது முதல் வரியிலேயே கை நின்றுவிட்டது. கம்பத்து அச்சகத்தில் அட்டைக்கு முழுப்பெயர் கேட்டார்கள். சொன்னேன். அச்சகக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "சார், தப்பா நெனைக்காதீங்க. படத்துக்குக் கீழ சிலுவை போடவா, குத்துவிளக்கு போடவா?" என்றார். குத்துவிளக்கு என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

அக்காவின் பெயருக்கு முன்னால் பெல்மோன் என்று ஒரு பெயர் உண்டு. பிரெஞ்சுப் பெயர். பள்ளிச் சான்றிதழில் இருக்கிறது, ரேஷன் அட்டையில் இருக்கிறது, கடைசியாக இறப்புச் சான்றிதழிலும் இருக்கிறது. எனக்கு அது கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து மட்டும்தான் இனிஷியல். ஒரே அப்பா, ஒரே அம்மா, தோட்டத் தொழிலாளர் வரிசையில் ஒரே லயத்து வீடு. எங்கள் குலதெய்வம் மாரியம்மன். இதில் பெல்மோன் எங்கிருந்து வந்தார், வந்தவர் அக்காவோடு ஏன் நின்றுகொண்டார் என்பது எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து குழப்பம். இன்று அதில் பாதி தீர்ந்திருக்கிறது. தீர்ந்த பாதிதான் என்னை அதிகம் குழப்புகிறது.

அக்கா ஏலப்பாறையை அடுத்த தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தார். அம்மா கம்பம் பக்கத்துக்காரர். அப்பாவைப் பெற்ற தாத்தா காரைக்காலிலிருந்து, ஆள் சேர்க்க வந்த கங்காணியோடு மலையேறி வந்தவர். அக்காவுக்குப் பெயர் வைத்தவர் தாத்தாதான். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்ததாம். பதினாறாம் நாள் தொட்டிலில் போடும்போது, வீட்டில் மூத்தவர் குழந்தையின் காதில் முதலில் பெல்மோன் என்று சொல்லி, அதற்குப் பிறகுதான் குழந்தையின் சொந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். அதன் பிறகு வீட்டில் யாரும் அந்த முதல் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. காகிதத்தில் மட்டும் எழுத வேண்டும். பள்ளிக்கே போகாத அப்பாவுக்குக் காகிதமே இருந்ததில்லை. ஏன் என்று கேட்டால் தாத்தா, "நம்ம வழக்கம்" என்பாராம். அதற்கு மேல் அவருக்கே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அக்காவைத் தோட்டத்துப் பள்ளியில் சேர்த்தபோது தாத்தாவே கூடப் போய், பெல்மோனை முன்னால் போட்டு எழுதச் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த வருடம் காலமாகிவிட்டார்.

அதன் பிறகு அந்தப் பெயரை அக்கா தனியாகத்தான் சுமந்தார். லயத்தில் ஒரு பெயரைப் பார்த்தால் மனிதர்கள் கணக்குப் போடுவது ஒரே மாதிரிதான். வெள்ளைக்காரப் பெயரா, அப்படியானால் ஏதோ ஒரு துரை, ஏதோ ஒரு பங்களா, ஏதோ ஒரு பாட்டி. அக்காவுக்குப் பள்ளியில் 'துரைச்சி' என்று பட்டப்பெயர். அக்கா நல்ல கறுப்பு. வரிசையில் நிற்கும்போது யாராவது துரைச்சி என்று கூப்பிட்டால் மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்களாம். அக்காவும் கூடச் சிரித்ததாகச் சொல்வார். அதை நான் நம்பியதில்லை.

பத்தாம் வகுப்பில் தோட்டத்துப் பிள்ளைகளில் அக்காதான் முதலாவதாகத் தேறினார். நர்ஸ் படிப்புக்கு ஆசை. எங்கள் பட்டியல் சாதிக்கான இடத்தில் சேர வேண்டுமென்றால் சாதிச் சான்றிதழ் வேண்டும். அப்பா அக்காவை அழைத்துக்கொண்டு வில்லேஜ் ஆபீசுக்குப் போனார். அங்கிருந்த அதிகாரி பெயரைப் படித்துவிட்டு, "இது ஆங்கிலோ இந்தியன் பேராணல்லோ. நிங்ஙள்க்கு எந்தா ஈ ஜாதி சர்ட்டிபிகேட்?" என்றார். இது ஆங்கிலோ இந்தியப் பெயராயிற்றே, உங்களுக்கு எதற்கு இந்தச் சாதிச் சான்றிதழ் என்று. அப்பா நெற்றித் திருநீற்றைக் காட்டினார், தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசாரியை அழைத்துப் போனார், நாலு தடவை நடந்தார். எதுவும் நடக்கவில்லை. ஆங்கிலோ இந்தியன் என்று எழுதித் தரவும் அவர்கள் தயாராக இல்லை, எங்கள் சாதி என்று எழுதித் தரவும் தயாராக இல்லை. அக்கா எதுவுமாகவும் இல்லாமல் வீடு திரும்பினார். அடுத்த மாதம் முதுகில் கூடையைக் கட்டிக்கொண்டு கொழுந்து கிள்ளப் போனார்.

அதற்குச் சில வருடங்களுக்கு முன்புதான் நான் பிறந்திருந்தேன். அக்காவுக்கும் எனக்கும் பதினோரு வயது வித்தியாசம். அக்கா பட்ட கேலி அப்பாவுக்குத் தெரியும். என் பதினாறாம் நாளில் அப்பா என் காதில் பெயரை மட்டும் சொன்னாராம். உறவினர் ஒருவர் அந்த முதல் பெயரை நினைவுபடுத்தியதற்கு, "இவனுக்கு அந்த வால் வேண்டாம். அவ ஒருத்தி படுறது போதும்" என்றாராம். அவ்வளவுதான். அப்பா ஒரு நிமிடத்தில் எடுத்த அந்த முடிவில் என் வாழ்க்கை ஒரு பக்கமும் அக்காவின் வாழ்க்கை ஒரு பக்கமும் போய்விட்டன. பின்னால் அதே வில்லேஜ் ஆபீசில், என் இனிஷியலைப் பார்த்து ஒரே வாரத்தில் எனக்குச் சாதிச் சான்றிதழ் கொடுத்தார்கள். ஒரே வயிற்றில் பிறந்த இருவரில் தம்பி பட்டியல் சாதி, அக்கா யாரென்று அரசாங்கத்துக்கே தெரியாது. இதை நான் பள்ளிக்கூடத்தில் பாடமாக நடத்தியிருந்தால் பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள்.

எனக்கு நான்கு வயதில் அம்மா தவறிவிட்டார். அதற்குப் பிறகு எனக்கு அம்மா என்று யாரைச் சொல்ல வேண்டுமோ அவரைத்தான் அக்கா என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். விடிகாலையில் எனக்குக் கஞ்சி வைத்து, தலை சீவிவிட்டு, மழைக்கு இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு மலையேறுவார். இருபத்து மூன்று வயதில் கம்பத்திலிருந்து ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஏலக்காய்க் கடையில் வேலை பார்த்தார். பூ வைக்க வந்த அன்று மாப்பிள்ளையின் தாய்மாமன் அக்காவின் பள்ளிச் சான்றிதழைப் பார்த்தார். அப்பாவைத் தனியே கூப்பிட்டு, "மச்சான், மனசுல ஒண்ணும் வச்சுக்கிராதீக. உங்க வீட்டுல எந்தத் தலைமொறையில வெள்ளைக்காரன் பொழங்கினான்?" என்றார். அப்பா அவர்கள் கொண்டுவந்த தட்டை எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். அக்கா அடுக்களையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சை அவர் எடுக்கவிடவில்லை.

நான் பாலக்காட்டுச் சித்தூரில் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தபோது அங்கிருந்த ஒரு விரிவுரையாளர் பெல்மோன் பிரெஞ்சுப் பெயர் என்று சொன்னார். விடுமுறைக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அக்காவுக்கு வெள்ளைக்காரன் என்றால் எல்லாரும் ஒன்றுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே என்னை இழுத்துக்கொண்டு, பழைய தோட்டத்துரைகளைப் புதைத்த கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். நான் ஒவ்வொரு கல்லாகப் பாசியைச் சுரண்டி ஆங்கிலத்தைப் படித்துச் சொல்ல, அக்கா, "அவன் இல்ல, அடுத்தது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு பெல்மோனும் இல்லை. கடைசியில் காவல்காரர் வந்து என்ன தேடுகிறீர்கள் என்றார். சொன்னோம். "இவங்க பூரா இங்கிலீஷ்காரங்கம்மா. பிரெஞ்சுக்காரன் வேற சாதி. ரெண்டு பேருக்கும் ஆகாது" என்றார்.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அட பாவிகளா, அவங்கள்லயும் சாதி இருக்கா?" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் சிரித்தோம். நடுவில் சிரிப்பை நிறுத்திவிட்டு, "எங்கேயாவது ஒரு வெள்ளைக்காரன் இருந்துட்டாலும் நிம்மதிதான் தம்பி. யாருக்காக இவ்வளவும் பட்டோம்னாவது தெரியுமில்ல?" என்றார்.

அக்கா நாற்பது வருடம் அந்தத் தோட்டத்தில் உழைத்தார். கடைசிப் பத்து வருடம் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில் ஆயாவாக இருந்தார். நர்ஸ் படிக்கவில்லையே தவிர, லயத்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் அக்காவைத்தான் தேடுவார்கள். கோபம் வரும், வந்த வேகத்தில் போய்விடும். எந்தப் படிவத்திலும் பெல்மோனை விடாமல் எழுதுவார். "அதை விட்டுட்டு எழுதினா என்ன? இனிஷியல் போதாதா?" என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். "தாத்தா என் காதுல சொன்னது. உன் காதுல சொல்லியிருந்தா நீயும் விடமாட்ட" என்பார். அப்படிச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கும். இத்தனை தொல்லை கொடுத்த பெயரின் மேல்தான் அந்தப் பொறாமை.

எனக்கு வேலை கிடைத்தது பாலக்காட்டின் கிழக்கு எல்லையில் ஒரு தமிழ்ப் பள்ளியில். கல்யாணத்துக்கு முந்தைய வருடங்கள் அவை. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாருக்கு எல்லாம் சேர வேண்டும் என்று சர்வீஸ் புத்தகத்தில் ஒரு பக்கம் நிரப்பச் சொன்னார்கள். வேறு யோசனையே இல்லாமல் அக்காவின் முழுப்பெயரை, பெல்மோனோடு, என் கையாலேயே அழகாக எழுதினேன். பின்னால் கல்யாணமாகி வேறு பெயர் எழுதிக் கொடுத்தேன். பழைய பக்கம் அங்கேயே இருந்தது. அக்காவுக்கு நான் செய்த மரியாதை என்று அதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இருபது வருடம் கழித்துத் தலைமையாசிரியர் பதவிக்கு என் பெயர் வந்தபோது அந்தப் புத்தகத்தைத் திறந்தார்கள். அலுவலகத்து எழுத்தர் ஒருவர் அந்த ஊர்க்காரர், நல்ல மனிதர், பள்ளிக்கே வந்து சொன்னார். "ஏனுங்க சார், பழைய பக்கத்துல உறவு அக்கான்னு போட்டிருக்கீங்க. பேரைப் பாத்தா வெள்ளைக்காரப் பேராட்டம் இருக்குதுங்களே. நாலு பேரு பாத்துட்டாங்க. எதுக்கும் பாத்து இருந்துக்கோங்க." அவர் சொன்ன அடுத்த மாதம் மொட்டைக் கடுதாசி ஒன்று மேலிடத்துக்குப் போனது. யார் எழுதியது என்று இன்றுவரை தெரியாது. என் உடன்பிறந்த அக்கா வேறு சமூகத்தைச் சேர்ந்தவர், ஆகவே என் சான்றிதழ் பொய், என் வேலையும் பொய் என்று அதில் இருந்தது. என் சமூகத்தை மூன்று தலைமுறை ஆவணங்களோடு நிரூபிக்க வேண்டும் என்று எனக்கு நோட்டீஸ் வந்தது.

அன்று நான் நடந்துகொண்ட விதத்தை இங்கே எழுதாமல் விட்டால் இந்த மலருக்கு அர்த்தம் இல்லை. விடுப்புப் போட்டுவிட்டு ஏலப்பாறைக்குப் பேருந்து ஏறினேன். அக்கா காப்பகத்து வாசலில் ஒரு குழந்தைக்கு மூக்கைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். நோட்டீஸை நீட்டினேன். மலையாளத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"வேலை போயிருமா தம்பி?"

"போகும். வாங்கின சம்பளத்தைத் திருப்பிக் கேட்டாலும் கேப்பான். எல்லாம் உன் பேரால வந்தது. எத்தனை தடவை சொன்னேன், அந்த வாலை விடு விடுன்னு? கேட்டியா?"

பெயரை அந்தப் புத்தகத்தில் எழுதியது நான். அக்காவுக்கு அப்படி ஒரு பக்கம் இருப்பதே தெரியாது. அதை அக்கா எடுத்துச் சொல்லவில்லை. குழந்தையை உள்ளே அனுப்பிவிட்டு, "இரு, நான் பாக்கேன்" என்றார். என்ன பார்ப்பாய் என்று கேட்காமல் அடுத்த பேருந்தில் திரும்பிவிட்டேன்.

அந்த வருடம் அக்கா மூன்று முறை காரைக்காலுக்குப் போனார். குமுளியைத் தாண்டித் தனியாகப் போயே பழக்கமில்லாதவர் மூன்று பேருந்து மாறிப் போய்வந்தார். தாத்தா பெயரையும் அப்பா சொல்லக் கேட்ட பூட்டன் பெயரையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனாராம். தாத்தாவின் அப்பாவை எங்கள் பக்கம் பூட்டன் என்போம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. என் வேலை ஊசலாடிக்கொண்டிருக்கிறது, இவர் வெள்ளைக்காரத் தாத்தாவைத் தேடிச் சுற்றுலா போகிறார் என்று மனைவியிடம் சொன்னேன். முதல் பயணம் முடிந்து வந்தபோது என்ன கிடைத்தது என்று தொலைபேசியில் கேட்டேன்.

"ஒண்ணும் கெடைக்கல. ஆனா ஒண்ணு தெரியுமா? பிரெஞ்சுக்காரன் காகிதத்துல பொம்பளைங்களுக்குக் கட்டிக்கிட்டாலும் அப்பன் வீட்டுப் பேருதானாம். சாகுறவரைக்கும் மாறாதாம். நாங்க பூட்டன் பேரை வச்சுப் பூட்டியைத் தேடிட்டுக் கெடந்தோம், எப்படிக் கெடைக்கும்? அப்பப் பாரு, எனக்குக் கல்யாணம் ஆனாலும் ஆகாட்டியும் ஒண்ணுதான்" என்று சிரித்தார்.

'நாங்க' என்கிறாரே, உடன் யார், ஒன்றும் கிடைக்காத இடத்தில் பூட்டியை எங்கே தேடினார் என்றெல்லாம் எனக்கு அப்போது தோன்றவில்லை. இரண்டாம் முறையும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றார். மூன்றாம் முறை போய்வந்த பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவே இல்லை.

என் விவகாரம் வேறு வழியில் முடிந்தது. விசாரணைக்கு வந்த அதிகாரி பொறுமையானவர். தோட்டத்து அலுவலகத்தின் பழைய செக்ரோல் புத்தகங்களை, அதாவது தினம் ஆள் எண்ணி எழுதும் பேரேடுகளை, எடுக்கச் சொன்னார். அவற்றில் ஒன்றில் தாத்தாவின் பெயர் இருந்தது. கங்காணி சொன்னபடி எழுதியிருப்பார்கள் போல. பெல்மோன் இல்லை, பக்கத்தில் எங்கள் சாதிப் பெயர் இருந்தது. அது போதும் என்று கோப்பை மூடிவிட்டார். நான் தலைமையாசிரியராகவே ஓய்வு பெற்றேன். ஆனைக்கரையில் வீடு கட்டி, அக்காவை அழைத்து வந்து வைத்துக்கொண்டேன். அக்காவை நான் கடைசி வரை பார்த்துக்கொண்டேன் என்று நீங்கள் பலர் பாராட்டியிருக்கிறீர்கள். அந்தப் பாராட்டைக் கேட்கும்போதெல்லாம் காப்பகத்து வாசலில் நான் பேசிய பேச்சு காதில் விழும். அதற்காக அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. இன்று கேட்கலாம், நாளை கேட்கலாம் என்றே இருந்துவிட்டேன்.

கடைசி எட்டு மாதம் அக்காவுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கியது. மலை மழையில் நாற்பது வருடம் நனைந்த உடம்பு. கட்டப்பனை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். இறப்பதற்கு இரண்டு நாள் முன்னால், காலை நேரம், ஜன்னல் வெயிலில் தெளிவாக உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, நெசமாச் சொல்லு. அங்க போனியே, நம்ம பூட்டன் வெள்ளைக்காரனா இல்லையா?" என்று கேட்டேன்.

"கெடைக்கலடா. விடு."

அக்கா என்னை 'டா' என்று கூப்பிட்டு வருடங்கள் ஆகியிருந்தன. அதற்குமேல் நான் கேட்கவில்லை.

காரியங்கள் முடிந்து அக்காவின் தகரப் பெட்டியைப் பிரித்தபோது, சேலைகளுக்கு அடியில் ஒரு உறை இருந்தது. பிரெஞ்சில் எழுதிய ஒரு பழைய பத்திரத்தின் நகல். அதோடு, அழகான கையெழுத்தில் தமிழாக்கம். நகல் கொடுத்த தேதி, எனக்கு நோட்டீஸ் வந்த வருடத்தில் அக்கா முதல் முறை போய்வந்த மாதத்துத் தேதி. முதல் பயணத்திலேயே கிடைத்திருக்கிறது. பதினைந்து வருடம் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார்.

தமிழாக்கத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. வெள்ளைக்காரன் ஒருவனும் இல்லை. பங்களாவும் இல்லை, பாட்டியின் மேல் பழியும் இல்லை. துறைமுகத்தில் கூலி வேலை பார்த்த எங்கள் பூட்டன், பதிவு அதிகாரியின் முன்னால் நின்று, தானும் தன் மனைவியும் பிறந்த பிள்ளைகளும் இனிப் பிறக்கப்போகும் சந்ததிகளும் சாதி வழக்கங்களை அடியோடு விட்டுவிட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்கு உட்படுவதாகவும், இன்று முதல் தங்கள் குடும்பப் பெயர் பெல்மோன் என்றும் சொல்லி, எழுதத் தெரியாததால் ஒரு கீறல் போட்டிருக்கிறார். அந்தக் காலத்தில் பிரெஞ்சு ஊர்களில் அப்படிச் செய்ய ஒரு சட்டம் இருந்ததாம். பெயரும் மூதாதை கொடுத்ததல்ல. அன்று, அந்த மேஜையின் முன்னால் நின்று, ஏதோ காரணத்துக்காக எடுத்துக்கொண்டது. அதே தாளின் அடியில் ஒரு குறிப்பு இருக்கிறது. பூட்டனோடு அதே நாளில் வந்த அவருடைய சொந்தத் தம்பி வேறு ஒரு பிரெஞ்சுப் பெயரை எடுத்துக்கொண்டாராம். அண்ணன் ஒரு பெயர், தம்பி ஒரு பெயர். ஏன் என்று எழுதவில்லை. அந்தத் தம்பியின் வாரிசுகள் எங்கே இருக்கிறார்கள், நாங்கள் என்று சிலர் இருப்பது அவர்களுக்குத் தெரியுமா என்றும் தெரியவில்லை.

எனக்குப் பூட்டன்மேல் பெருமை வருகிறது. காலில் செருப்பில்லாத ஒரு கூலி, அத்தனை பெரிய அலுவலகத்துக்குள் நடந்து போய், எனக்குச் சாதி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். உடனே கோபமும் வருகிறது. அவர் வேண்டாம் என்று விட்டதைத்தான் அவர் பேரனின் மகள் வில்லேஜ் ஆபீசில் நாலு தடவை நின்று கேட்டாள். அவர் உதறியது அவளுக்குக் கிடைக்கவில்லை, எனக்குக் கிடைத்தது. அதை வைத்து நான் சோறு தின்றேன். அவர் செய்தது சரியா, அப்பா எனக்குச் செய்தது சரியா, நான் கையில் வைத்திருக்கும் சான்றிதழ் அவருக்குத் துரோகமா என்று ஒரு வருடமாக யோசிக்கிறேன். ஒரு நாள் ஒரு பக்கம், மறுநாள் மறு பக்கம். தீர்ப்புச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. படித்தவர்கள் யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

இவற்றைவிட என்னைப் படுத்தியது அக்காவின் பொய். பத்திரத்தில் இனிப் பிறக்கப்போகும் சந்ததிகள் என்று தெளிவாக இருக்கிறதே. அப்படியானால் அந்தப் பெயர் எனக்கும் சொந்தம். காதில் யாரும் சொல்லாவிட்டாலும் சொந்தம். அதை ஏன் என்னிடம் மறைத்தார்? காப்பகத்து வாசலில் நான் பேசியதற்குத் தண்டனையா? தனக்கு மட்டும் இருந்த ஒன்றைப் பங்கு வைக்க மனமில்லையா? இறந்தவரைப் பற்றி இப்படி நினைப்பது தவறு என்று தெரிந்தும் நினைத்தேன். அக்காவின் படத்துக்கு விளக்கேற்றும்போதுகூட நினைத்தேன்.

இனி நன்றி சொல்ல வேண்டிய இடம். அக்காவின் கடைசி மாதங்களில் இரவு பகல் பாராமல் பார்த்த கட்டப்பனை ஆஸ்பத்திரி மருத்துவருக்கும் நர்ஸ்களுக்கும் நன்றி. நர்ஸ்களுக்கே அக்கா வேலை சொல்லிக் கொடுத்ததைப் பொறுத்துக்கொண்டதற்குத் தனி நன்றி. ஏலப்பாறையிலிருந்து இரண்டு ஜீப்பில் வந்து இறங்கிய அக்காவின் கொழுந்துக் கூட்டாளிகளுக்கும், அன்று அடுப்பைக் கையிலெடுத்துக்கொண்ட ஆனைக்கரை அண்டை வீட்டாருக்கும், அக்காவைத் தன் மாமியாராகவே எண்ணிக் கவனித்த என் மனைவிக்கும், கம்பம்மெட்டு வழியாகப் பெயர்ப் பலகையும் பூவும் கொண்டுவந்து சேர்த்த தம்பிமார்களுக்கும், குத்துவிளக்குப் போட்ட அச்சகக்காரருக்கும் நன்றி.

கடைசியாக ஒருவர். தமிழாக்கத்தின் அடியில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. இந்தக் கட்டுரைக்காகப் போன வாரம்தான் துணிந்து கூப்பிட்டேன். காரைக்காலில் பிரெஞ்சு சொல்லித்தரும் ஓய்வுபெற்ற டீச்சர் அம்மா அவர். பழைய பத்திரங்களைப் படித்துச் சொல்லி ஊராருக்கு உதவுகிறவர். அக்காவின் தம்பி என்றேன். அக்கா தவறிவிட்டார் என்றேன். அவரே சொல்ல ஆரம்பித்தார்.

"மூணு தடவ வந்தாங்க சார். முதல் தடவ நாங்க ரெண்டு பேருமாத் தேடி எடுத்தோம். நான் படிச்சுச் சொல்லிட்டே வந்தேன். இனிப் பிறக்கப்போற சந்ததின்னு வந்ததும் நிறுத்தச் சொன்னாங்க. அப்ப இந்தப் பேரும், சாதியை விட்டதும் என் தம்பிக்கும் சேருமான்னாங்க. சேரும்மான்னேன். சந்தோஷப்படுவாங்கன்னு நெனச்சேன். முகம் அப்படியே செத்துப்போச்சு. தம்பிக்கு இந்தப் பேரு இல்லைன்னு யாராவது ஒரு பேப்பர் எழுதித் தருவாங்களான்னு கேட்டாங்க. அப்படியெல்லாம் தரமாட்டாங்கம்மான்னேன். ரெண்டாவது தடவையும் அதைத்தான் கேட்டாங்க."

"மூணாவது தடவை?" என்றேன்.

"அது உங்களுக்குத் தெரியாதா சார்? உங்ககிட்ட சொல்லலியா?"

"இல்லைங்க."

"அன்னைக்கு வேற யோசனையோட வந்தாங்க. பெல்மோன் அவன் வீட்டுப் பேரே இல்லை, என் பேரு மட்டும்தான்னு எழுதுங்கன்னாங்க. எப்படிம்மா, நீங்க கூடப்பிறந்த அக்காவாச்சேன்னேன். நான் கூடப்பிறந்தவ இல்லைன்னு எழுதுங்க, எங்கேயோ அநாதையாக் கெடந்த பிள்ளையை அவங்கப்பா எடுத்து வளத்தாருன்னு எழுதுங்க, நான் கையெழுத்துப் போடுறேன்னாங்க. அவனுக்கு வேலை நின்னாப் போதும், நான் யாரா இருந்தா என்னன்னாங்க. என்னால முடியாதும்மான்னு சொல்லிட்டேன் சார். அழுதாங்க. கோவிச்சுக்கிட்டு, காப்பி கூடக் குடிக்காமப் போயிட்டாங்க."

டீச்சர் அம்மா, அக்கா உங்களிடம் கோபித்துக்கொண்டு போனதற்கு அக்கா சார்பில் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் காகிதத்தை எழுதித் தர முடியாது என்று சொன்னதற்காக உங்களுக்கு இந்தத் தம்பியின் நன்றி.